ரேந்தை பின்னிய கரங்கள்

ஒரு பங்கின் வரலாற்றை எழுதுவது எளிய பணி என்றே நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. பங்குத்தந்தையரின் பட்டியல் இருக்கிறது. ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய நாளும் அர்ச்சித்த நாளும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை முறைப்படுத்தி, முன்னுரையும் வாழ்த்துரைகளும் சேர்த்துவிட்டால் வரலாறு ஆயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் கல்குளம் வட்டத்தில் நாம் பணியாற்றிய ஒரு பங்கின் நூற்றாண்டு மலரை அவ்வாறுதான் தொகுத்தோம்.

அம்மலரில் ஒரு பழைய நிழற்படத்தை வெளியிட்டிருந்தோம். ஓட்டுக் கூரையிட்ட ஒரு வராந்தா. தரையில் மூன்று வரிசையாகப் பதினேழு பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு திண்டு. அவர்களுக்குப் பின்னால் வெள்ளுடையில் இரு அருட்சகோதரியர். நாற்காலியில் ஒரு குருவானவர். குருவானவரின் பெயரையும் சகோதரியர் இருவரின் பெயர்களையும் தேடிக் கண்டுபிடித்து அச்சிட்டோம். மற்றவர்களுக்கு, 'ரேந்தை பின்னும் பெண்கள்' என்று மூன்று சொற்கள் போதும் என நினைத்தோம்.

மலர் வெளிவந்த மறு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும், எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி அதை விரித்துப் பிடித்தபடி சாக்றீஸ்து வாசலில் வந்து நின்றார். இரண்டாம் வரிசையில் ஒரு முகத்தின்மேல் விரலை வைத்து, "இது எங்க அம்மை, சாமி. பேரு போடலியே?" என்றார்.

"பெயர் தெரியவில்லை, பாட்டி" என்றோம்.

"கேட்டிருக்கலாமே" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அச்சொல் நம்மை இன்றும் விடவில்லை.

அன்று தொடங்கிய தேடலில் நாம் கண்டதும் கேட்டதுமே இக்கட்டுரை.

ஒரு சொல்லின் சாட்சியம்

ஏடுகளைத் தேடுமுன் நம் நாவிலேயே இருக்கும் சொல்லைப் பார்ப்போம். கடைகளில் இன்று 'லேஸ்' என்கிறார்கள். நம் பாட்டிமாரோ 'ரேந்தை' என்பார்கள். இது ஆங்கிலேயர் தந்த சொல் அன்று; போர்த்துக்கீசிய மொழியின் 'ரெந்தா' என்னும் சொல்லே நம் நாவில் ரேந்தை ஆயிற்று. அலமாரியும் சாவியும் சன்னலும் மேசையும், ஏன், பாதிரியும் குருசும் வந்த அதே கப்பலில் வந்த சொல் இது.

நூல் சுற்றிய குச்சிகளைக் கொண்டு ரேந்தை பின்னும் கலை ஐரோப்பாவில் இத்தாலியிலும் பிளாண்டர்சிலும் செழித்தது பதினாறாம் நூற்றாண்டில். அதே நூற்றாண்டில்தான் போர்த்துக்கீசியர் நம் கடற்கரைக்கு வந்தார்கள்; 1544-ஆம் ஆண்டில் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவ மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். கடலுக்கு அப்பால், இலங்கையின் காலி, வெலிகமப் பகுதிகளில் இன்றும் ரேந்தை பின்னுகிற பெண்கள் உண்டு. அவர்கள் கையிலுள்ள நூற்குச்சிக்குச் சிங்களத்தில் 'பீரளு' என்று பெயர். அதுவும் 'பில்ரு' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபே.

சொல் ஒன்று மட்டுமே தொழிலுக்குச் சான்று ஆகாது என்பதை அறிவோம். ஆயினும், பொருளைக் கண்டவர்களே பெயரை ஏற்பார்கள். ஆங்கிலப் பெண்மணியும் பெல்ஜியத் துறவியரும் வந்து கற்பித்த பின்னரும் நம் மக்கள் அதை அவர்கள் மொழியில் அழைக்காமல், முன்பே அறிந்த பெயராலேயே அழைத்தார்கள். எழுத்தறியாத மக்களின் வாய்ச்சொல்லும் ஒரு பதிவேடுதான் என்பதை ரேந்தை என்னும் இச்சொல்லே நமக்கு முதலில் கற்பித்தது.

நாகர்கோவிலில் ஒரு பள்ளி

ஏடுகள் சொல்லும் வரலாறு நாகர்கோவிலில் தொடங்குகிறது. 1819-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த சார்லஸ் மால்ட் தம் மனைவி மார்த்தாவுடன் அங்கு வந்து சேர்ந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் மார்த்தா அம்மையார் பெண்குழந்தைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு ரேந்தை வேலையையும் கற்பித்தார். பின்னர் அவர்களுடைய மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு இக்கலையைக் கொண்டு சென்றார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கணவரை நாடறியும். அவ்வூர்ச் சிறுமியரின் விரல்களுக்கு நூலைப் பழக்கிய மனைவியை அவ்வூர் அறியும். பிரிந்த சபையினர் ஆயினும் இப்பெண்மணிகளின் தொண்டை நன்றியோடு குறிப்பிடுவது நம் கடமை.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் நடந்ததையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1809-இல் ஜான் ஹீத்கோட் என்பவர் ரேந்தையின் வலையைப் பின்னும் இயந்திரத்திற்கு உரிமம் பெற்றார். 1816-இல் இயந்திர எதிர்ப்பாளர் சிலர் அவருடைய ஆலைக்குள் புகுந்து பொறிகளை உடைத்தார்கள். அவர் வேறு ஊருக்குச் சென்று மீண்டும் தொடங்கினார்; இயந்திரம் நிற்கவில்லை. ஆகவே, இங்கிலாந்தில் கைரேந்தைக்காரியின் பிழைப்பு தளரத் தொடங்கிய காலத்தில்தான் அக்கலை நாகர்கோவிலில் விதைக்கப்பட்டது. அங்கே வாழ இயலாத கூலிக்கு இங்கே வாழ முடிந்தது. நம் மண்ணின் மலிவான உழைப்பு என்பது இவ்வரலாற்றின் முதல் வரியிலேயே இருக்கிறது. அதை மறைப்பது நேர்மை ஆகாது.

மேலாடையும் மெல்லிழையும்

திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855-இல். அதற்கு முன் நாகர்கோவில் பள்ளியில் பயின்ற சிறுமியருள் அடிமைகளும் இருந்தனர். ரேந்தை பின்னிப் பெற்ற கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கியவர்கள் அவர்களுள் உண்டு என்று அக்கால மிஷனரி எழுத்துகள் கூறுகின்றன. வாசகர்கள் இதை ஒரு கணம் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். 'அடிமைகள் மீட்கப்பட்டார்கள்' என்று எழுதுவது நம் வழக்கம். பணம் அச்சிறுமிகளின் விரல்களிலிருந்து வந்தது; மீட்டவர்களும் அவர்களே.

அதே காலம் தோள்சீலைப் போராட்டத்தின் காலமும் ஆகும். சாணார் குலப் பெண்கள் தம் தோளை மூட உரிமையின்றி இருந்தனர். கிறிஸ்தவப் பெண்கள் அணிவதற்கெனத் தளர்ந்த குப்பாயம் ஒன்றை மிஷனரிகளின் மனைவியர் வகுத்தனர். 1829-இல் வந்த அரசாணை குப்பாயத்தை அனுமதித்தது. உயர்சாதியினரைப்போல் மேற்சீலை அணிவதைத் தடுத்தது. சந்தைகளில் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது, ஆலயங்கள் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26-இல் வந்த அரசாணைதான், அதுவும் கட்டுப்பாட்டோடு, அவர்கள் மார்பை மறைக்க உரிமை தந்தது.

தன் தோளுக்கு ஒரு முழத் துணி மறுக்கப்பட்ட சமூகத்துப் பெண், கடல்கடந்த ஒரு சீமாட்டியின் கழுத்துப்பட்டைக்கு உலகின் மிக மெல்லிய ஆடையணியைப் பின்னிக்கொண்டிருந்தாள். அவ்வேளையில் அவள் மனத்தில் என்ன ஓடியது? மிஷனரிகளின் கடிதங்கள் இதற்கு விடை தருவதில்லை. அவளை யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

முளகுமூட்டில் ஒரு மாலை

நம் திருச்சபையின் வரலாற்றில் ரேந்தை முளகுமூட்டோடு இணைந்தது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், புனித அகுஸ்தீன் சபைத் துறவியாய் இருந்த மரி லூயிஸ் தெ மீஸ்டர், ஒரே ஒரு நவதுறவியை உடன் அழைத்துக்கொண்டு 1897 நவம்பர் 7-இல் முளகுமூடு வந்து சேர்ந்தார். அப்போது அவ்வூர் கொல்லம் மறைமாவட்டத்தில் இருந்தது. கோட்டாறு மறைமாவட்டம் 1930-இலும், இன்று அவ்வூர் அடங்கியுள்ள குழித்துறை மறைமாவட்டம் 2014-இலும் உருவாயின. அனாதைக் குழந்தைகளுக்காக வந்த அந்த இருவரிலிருந்து தோன்றியதே இன்று பல நாடுகளில் பணியாற்றும் மரியின் மாசற்ற இருதய மறைபரப்புச் சபை.

ஈப்பர், ரேந்தைக்குப் பேர்பெற்ற ஊர். பிளாண்டர்சின் கன்னியர் மடங்கள் பலவற்றில் ரேந்தைப் பள்ளிகள் நடந்தன. ஆகவே, முளகுமூட்டில் பெண்குழந்தைகளுக்குப் பிழைக்கும் வழி தேடியபோது சகோதரியரின் கை தாம் அறிந்த கலையை நோக்கிச் சென்றதில் வியப்பில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நியாயமான கூலி பற்றித் தம் சுற்றுமடலை வெளியிட்டு ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. உண்ணவும் உடுக்கவும் கொடுப்பதோடு ஒரு தொழிலைக் கொடுப்பது பெரிய அறம் என்பதை அத்துறவியர் செயலில் காட்டினார்கள். அன்னையார் 1928-இல் மறைந்தார். அவர் பெயர் நிலைத்திருக்கிறது, நிலைத்திருக்கவும் வேண்டும்.

ஆனால் அவரிடம் கற்ற முதல் பெண் யார்? அவளிடம் கற்ற இரண்டாம் பெண் யார்? ஒரு கலை கடலைக் கடக்க ஒருவர் போதும். நூறாண்டு வாழ வேண்டுமெனில் அக்கா தங்கைக்கும், மாமியார் மருமகளுக்கும் திண்ணையில் அமர்ந்து சொல்லித்தர வேண்டும். அந்தத் திண்ணைகளின் வரலாறு எந்த மடத்தின் நாளேட்டிலும் முழுமையாக இராது.

பாட்டிமார் சொன்ன வரலாறு

இதன் பின்னர், பங்கிலுள்ள முதிய பெண்களை ஒரு ஞாயிறு மாலை பள்ளிக்கூட அறைக்கு அழைத்தோம். ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர், பரணிலிருந்து எடுத்த பழைய திண்டை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்தார். "பேச வராது சாமி, செய்து காட்டுகிறேன்" என்றார்.

திண்டின்மேல் துளையிட்ட தடித்த தாளை வைத்துக் குண்டூசிகளால் இறுக்கினார். அத்துளைகளே கோலத்தின் புள்ளிகள். நூல் சுற்றிய குச்சிகள் இணை இணையாகத் தொங்கின. அவற்றுள் ஒரு நேரத்தில் நான்கை மட்டும் கையில் எடுத்தார். செய்வது இரண்டே அசைவுகள்: ஒன்றைக் குறுக்கே கடத்துவது, ஒன்றை முறுக்குவது. முடிச்சு கிடையாது. பின்னல் நிலைக்கும்வரை ஊசி அதைத் தாங்குகிறது. நிலைத்தபின் ஊசியை உருவிவிடுகிறார்கள். பார்வை மங்கிய அவருடைய விரல்கள் தாமாகவே நடந்தன. குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் மெல்லிய ஓசை கேட்டதும், அதுவரை பேசாதிருந்த மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

வெள்ளை நூலில் அழுக்குப் படக்கூடாது என்பதால், மீன் வெட்டிய கையைப் புளிபோட்டுக் கழுவிய பின்னரே திண்டைத் தொடுவார்களாம். இடவப்பாதி மழையில் வானம் இருண்டுவிட்டால் வேலை நின்றுவிடும். மண்ணெண்ணெய் விளக்கை அருகில் வைத்தால் புகை நூலில் படியும். மழை வலுத்தால் வயிறு காயும் என்றார் ஒருவர். ஒரு சிறு கறைக்காக முழு வாரத்தின் கூலியையும் கழித்துக்கொண்ட ஒரு முகவரைப் பற்றி இன்னொருவர் சொன்னார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தொகையை அவர் மறக்கவில்லை. தாள்களோடு வந்த பிறநாட்டுக் கோலங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டியிருந்தார்கள். ஒரு கோலத்தைத் தம் தாய் 'எறும்பு வரிசை' என்று அழைத்ததாகச் சொல்லி ஒருவர் சிரித்தார்.

அந்தக் கூலி எங்கே சென்றது என்று கேட்டோம். ஓலைக் கூரை ஓடாகியது, தம்பியின் பள்ளிச் சம்பளம், திருமணத்திற்குக் கால்பவுன். பின்னர் மகளின் செவிலியர் படிப்பு. அம்மகள் இன்று வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறாள். "உங்கள் மகள் இதைக் கற்கவில்லையே, வருத்தமில்லையா?" என்று கேட்டோம். கலை அழிகிறதே என்னும் கவலை நம் கேள்வியில் இருந்தது. பாட்டி நம்மை நிமிர்ந்து பார்த்தார். "நான் குனிஞ்சு இருந்தது அவ நிமிரத்தான் சாமி" என்றார்.

கைவினை அழிகிறது என்று புலம்புவது நம்மைப் போன்றோர்க்கு எளிது. பலிபீட விரிப்பிலும் குருக்களின் வெள்ளங்கியிலும் அந்த மெல்லிழையின் அழகைக் கண்டவர்கள் நாம். அதற்காகக் கழுத்தெலும்பு தேய்ந்தவர்கள் அவர்கள். இயந்திர ரேந்தை மலிந்ததும், வத்திக்கான் சங்கத்திற்குப் பின் திருவுடைகள் எளிமையானதும், பெண்கள் கல்வி பெற்றதும் இத்தொழில் சுருங்கக் காரணங்கள் ஆயின. இவற்றுள் கடைசிக் காரணம் அவர்கள் கண்ட தோல்வி அன்று, வெற்றி. செய்தவர்களே சொல்லும்போதுதான் இது நமக்கு விளங்குகிறது.

ஆனாலும் அக்கலையை அவர்கள் சுமையாக மட்டும் நினைக்கவில்லை. முதலில் பேச வராது என்றவர், பின்னல் இரண்டு விரல் அகலம் வளர்ந்ததும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். "இப்பவும் வருது" என்றார். அந்த முகத்தில் கண்ட மகிழ்ச்சி கூலிக்குரியது அன்று. படைத்தவை நன்றாயிருக்கக் கண்ட இறைவனின் மகிழ்ச்சியில் ஒரு துளி அது என்றே நம் மனம் சொல்லிற்று.

பெயருள்ளவரும் பெயரில்லாதவரும்

விடுதலைப் பயண நூலில், சந்திப்புக் கூடாரத்தை அமைக்க இறைவன் அழைத்த கைவினைஞன் பெட்சலேலின் பெயர் இருக்கிறது. அவன் தந்தை ஊரி, பாட்டன் கூர், குலம் யூதா என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. துணையாளன் ஒகோலியாபின் பெயரும் உண்டு. அதே அதிகாரத்தில், கூடாரத்திற்காகத் தம் கைகளால் நூல் நூற்றுக்கொண்டு வந்த திறன்மிக்க பெண்களும் வருகிறார்கள். அவர்களுள் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. குருமாணவப் பருவத்தில் இப்பகுதியைப் பலமுறை படித்தோம், தேர்வும் எழுதினோம். அந்த வெற்றிடம் நம் கண்ணில் படவில்லை.

புதிய ஏற்பாட்டில் வேறொரு காட்சி உண்டு. யோப்பாவில் தபித்தா என்னும் பெண் சீடர் இறந்துவிடுகிறார். பேதுரு வந்தபோது கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து, தபித்தா தங்களோடு இருந்த காலத்தில் செய்த ஆடைகளைக் காட்டி அழுகிறார்கள். அவருடைய வரலாற்றை அவர்கள் சொல்லவில்லை, காட்டினார்கள். திருத்தூதர் பேசாமல் நின்று அதைப் பார்த்திருக்க வேண்டும். திருச்சபையின் வரலாற்றாசிரியனுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்று நினைக்கிறோம். துணியைக் கையில் ஏந்தி நிற்பவர் முன் பேனாவை மூடிவைத்துவிட்டு முதலில் கேட்க வேண்டும்.

நிறுவியவர்களின் பெயர்களைக் குறைத்து எழுத வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கடல்கடந்து வந்து நம் மண்ணில் உயிர்விட்டவர்களுக்கு நன்றி மறப்பது பாவம். ஆனால், அவர்கள் எழுதிய கடிதங்கள் மட்டுமே வரலாறு ஆகிவிட்டால், நம் மக்கள் தம் வரலாற்றிலேயே பெற்றுக்கொண்டவர்களாக மட்டும் நின்றுவிடுவார்கள். அவர்கள் கொடுத்தவர்களும் ஆவர். தம் விடுதலைக்கு விலை கொடுத்தார்கள். பிள்ளைகளின் கல்விக்குக் கண்களைக் கொடுத்தார்கள். பலிபீடத்திற்கு அழகைக் கொடுத்தார்கள்.

இத்தகைய பாட்டிமார் நம் பங்குகள் பலவற்றிலும் இருக்கிறார்கள். ரேந்தை மட்டுமன்று, பனையோலைப் பெட்டி முடைந்தவர்கள், கயிறு திரித்தவர்கள், வலை பின்னியவர்கள் எல்லாரும் தம் தொழிலின் வரலாற்றை விரல்களில் வைத்திருக்கிறார்கள். அடுத்த விழா மலர் வரை காத்திருக்கலாகாது. அன்பியக் கூட்டத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதி வையுங்கள்.

நாம் செய்த பிழையை ஓரளவு திருத்தினோம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பங்கு இல்லத்தின் முற்றத்தில் வைத்து, தெரிந்தவர்கள் சொல்லலாம் என அறிவித்தோம். மூன்று மாதங்களில் பதினொரு பெயர்கள் கிடைத்தன. பாட்டியின் தாயின் பெயரை அவரே எழுத வேண்டும் என்று விரும்பினார். நடுங்கும் கையால் எழுதிக் கொடுத்தார். அப்பெயர்களைத் தனித்தாளில் அச்சிட்டு, எஞ்சியிருந்த மலர்கள் அனைத்திலும் ஒட்டினோம். எஞ்சிய ஆறு பேருக்கு வரிசை எண் போட்டு, எதிரே இடம் விட்டிருக்கிறோம்.